ஐந்து திரி போட்ட மெழுகுவர்த்தி

நாலைந்து வருஷங்களுக்கு முன்னால், பம்பாயில் மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் பல்லைக் காட்ட ஆரம்பித்திருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செம்பூரில் எங்கள் வீட்டு முன் அறையில் நடந்தது இது. அந்த அறையின் மேல்தளத்தில் இன்றைக்கும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் சிரிப்பார்கள். நான் ஹாஸ்யமாகப் பேசி அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அதுதான் என் வருத்தம்.

என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. தலையில் முடி குறைந்துகொண்டு போகும் வேகத்தில் சம்பளம் ஏறவில்லை. எனக்கென்று இருந்த ஒரே சொத்து, நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். சாயங்காலம் ஆனால் எங்கள் கட்டடத்து ஆண்கள் நாலைந்து பேர் என் வீட்டு முன் அறைக்கு வந்துவிடுவார்கள். மனைவி காப்பியும் முறுக்கும் கொடுப்பாள். நான் வாரம் முழுக்க ஆபீஸிலும் ரயிலிலும் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்து விடுவேன். அவர்களில் முக்கியமானவர் மாடி வீட்டு அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், தாராவியில் தோல் வியாபாரம். அவர் சிரித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். அந்த ஒரு சிரிப்புக்காகவே நான் திங்கட்கிழமையிலிருந்து தயார் பண்ணுவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுக்காரரை மட்டும் நான் கூப்பிட்டதில்லை. பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். சமையலும் தானே. வந்த புதிதில் மாடிப்படியில் அவரை நிறுத்தி, என்னிடம் இருந்ததிலேயே சிறந்த ஹாஸ்யம் ஒன்றைச் சொன்னேன். அண்ணாச்சி மூலம் தாராவி முழுவதும் பரவின ஹாஸ்யம் அது. அண்ணாச்சி அதற்குச் சிரித்துச் சிரித்து அழுதே விட்டார். இந்த மனிதர் முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்பறம்?" என்றார். அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை. அன்றைக்கே அவர் பெயரை என் சபையிலிருந்து அடித்துவிட்டேன்.

இப்போது காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து திரும்பினால், யாரோ நம் மூக்குக்கு அடியில் அழுகின முட்டையை உடைத்த மாதிரி இருக்கும். உடனே ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தியோ சாம்பிராணியோ போட்டுச் சமாளிப்போம். அப்படி ஒரு சனிக்கிழமை, நான் ஒரு கதையின் நடுவில் இருக்கும்போது, எதிர் வீட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. ஊதுவத்தி இல்லை, சாம்பிராணி இல்லை, தலையில் வைத்த பூவும் இல்லை. மல்லிகையைப் பாலில் போட்டுக் காய்ச்சின மாதிரி ஒரு மணம், கதவிடுக்கு வழியாக அழைப்பு வைத்துக்கொண்டே உள்ளே வந்தது.

"ஒரு நிமிசம் சாமி, அது என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று அண்ணாச்சி எழுந்தார்.

அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கதையின் முடிவை நான் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டருக்குச் சொன்னேன்.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுக்காரரின் மைத்துனர் கப்பலில் வேலை பார்க்கிறவர். போன தடவை கரைக்கு வந்தபோது, கண்ணாடி டம்ளரில் வார்த்த வாசனை மெழுகுவர்த்தி இரண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவ்வளவுதான். ஒரு டம்ளர் மெழுகு என் சாம்ராஜ்யத்தைப் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவர்கள் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நேரே எதிர் வீட்டுக்குப் போனார்கள். அதற்கடுத்த வாரம் எட்டிப் பார்க்கவும் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து முறுக்கைக் கடித்தேன். முறுக்கு கடிபடும் சத்தம் அந்த அறையில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவியும் ஒருநாள் சாயங்காலம் ஏதோ குழம்பு கொடுக்கிற சாக்கில் அங்கே போய்விட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"ஏன்னா, அவர் ஆத்துக்குள்ள நுழைஞ்சா முல்லைப் பந்தல் கீழ உக்காந்துண்டாப்ல இருக்கு."

"நம்ம ஆத்துக்குள்ள நுழைஞ்சா?"

"பெருங்காய டப்பாவுக்குள்ள உக்காந்துண்டாப்ல இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அடித்த ஹாஸ்யங்களுக்கெல்லாம் அவள் அப்படிக் கண்ணை மூடினதில்லை. மூடியிருந்தால் அது தூக்கத்துக்காகத்தான் இருக்கும். அன்றைக்கு என் வயிற்றில் பற்றியதுதான் இந்தக் கதையின் முதல் தீ.

எதிரியின் பலத்தை அறிவதற்காக ஒரு நாள் நானே நேரில் போனேன். பேப்பர் இரவல் கேட்கிற பாவனை. சொந்தப் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே போய்விட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மனிதர் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கத்தரியால் திரியின் கருகின நுனியை வெட்டிக்கொண்டிருந்தார். டம்ளருக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு. திரைச்சீலை, புத்தகம், காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூரத்து ஜன்னலை மட்டும் விரற்கடை அளவு திறந்து வைத்திருந்தார். நான் கேட்காமலே விளக்கவும் ஆரம்பித்தார்.

"திரி குட்டையா இருக்கணும், கேட்டேளா. நீளமா விட்டா புகைதான் வரும், மணம் வராது. மொதல் தடவை ஏத்தினா, மேலே இருக்கற மெழுகு ஓரம் வரைக்கும் உருகற வரை விடணும். இல்லேன்னா நடுவுல குழி விழுந்து பாழாப் போயிடும். அப்பறம், எரியறப்போ விட்டுட்டுப் போகப்படாது..."

அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்த என் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் என் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அண்ணாச்சி மெழுகுவர்த்தியைச் சுவாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தோல் பதனிடுகிற இடத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு வருகிறவர். அவர் மூக்குக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு, துரோகி என்று மட்டும்தான் தோன்றிற்று.

எதிர்வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து இன்னொரு டம்ளரை எடுத்தார். "எங்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்க கொண்டு போங்கோ. மாமி ஆசைப்பட்டா."

எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்த அனுபவமே இல்லை. ஆனால் 'மாமி ஆசைப்பட்டா' என்ற இரண்டு வார்த்தை என் தொண்டையில் மீன் முள் மாதிரி குத்தியது. மீன் சாப்பிட்டதில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும்.

"வேண்டாம் ஸார். எங்களுக்கே அடுத்த வாரம் வருது" என்றேன்.

"எங்கிருந்து வே வருது?" என்றார் அண்ணாச்சி.

"ஃபாரின்லேர்ந்து."

"ஃபாரின்ல எந்த ஊரு?"

"ஃபாரின்தான்!" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொந்தப் பேப்பர், இரவல் பேப்பர் இரண்டையும் எடுத்துக்கொண்டுதான்.

ஆக, அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்கு ஃபாரினிலிருந்து மெழுகுவர்த்தி வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் என் சபை போனது போனதுதான், அதோடு பொய்யன் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். நான் மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய், கரண்டு போனால் ஏற்றுகிற சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி ஒரு கட்டு வாங்கினேன். ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு கடையில் மல்லிகை அத்தர் வாங்கினேன். சட்டைப் பையில் போட்ட அத்தர் சீசா ரயில் நெரிசலில் கசிந்து, பக்கத்தில் நின்ற மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஷாதி ஹை க்யா?" என்று விசாரித்தார். கல்யாணம் இல்லை ஐயா, கல்யாணத்தால் வந்த வினை என்று ஹிந்தியில் சொல்ல எனக்கு வரவில்லை.

என் கணக்கு எளிமையானது. எதிர்வீட்டுக்காரரின் ஒரு திரி ஓர் அறைக்கு மணக்கிறது. ஐந்து திரி போட்டால் கட்டடம் முழுக்க மணக்க வேண்டும். டம்ளர் எதற்கு? அகலமான பாத்திரமாக இருந்தால் மணம் அகலமாக வரும். மனைவியிடம் அவள் பாயசம் வைக்கிற வெண்கல உருளியைக் கேட்டேன். அவள் என்னையும் உருளியையும் மாறி மாறிப் பார்த்தாள். கொடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுக்கும் அந்த முல்லைப் பந்தல் மேல் ஆசை இருந்தது. எடுத்துக் கொடுத்ததோடு, பஞ்சைக் கையில் உருட்டித் திரியும் அவளே போட்டாள்.

"கொஞ்சம் ஒல்லியாப் போடேன்" என்றேன். கத்தரி கொஞ்சம் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்? விளக்குன்னா திரி தடிமனா இருந்தாத்தான் நின்னு எரியும்."

நாங்கள் செய்த தவறு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றிப் பழகின வீடு. எரிகிறது எதுவானாலும் அது விளக்குதான் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம். ஐந்து முகம் வைத்தாள். உருளிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். கடைசியாக என் பங்குக்கு, வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று, உருக்கின மெழுகில் அத்தரோடு ஒரு கைப்பிடிச் சூடத்தையும் பொடித்துப் போட்டேன். கோயிலில் மணக்கிறதே, வீட்டில் மணக்காதா?

சனிக்கிழமை சாயங்காலம் காற்றும் எனக்குச் சாதகமாகத் திரும்பிற்று. அதாவது ஊரே நாறிற்று. எல்லா ஜன்னலையும் சாத்தினேன். உருளியை வாசல் பக்கத்தில், காலண்டருக்கு நேர் கீழே ஒரு முக்காலியில் வைத்தேன். மணம் வெளியே போய் ஆள் பிடித்துக்கொண்டு வர வேண்டுமே, அதற்காக வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். எதிர் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. உள்ளே என் பழைய குடிமக்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஐந்து திரியையும் ஏற்றினேன்.

சும்மா சொல்லக்கூடாது, மணந்தது. மல்லிகை, சூடம், வெண்கலத்தில் ஊறிப்போயிருந்த பாயச ஏலக்காய் எல்லாம் சேர்ந்து, கல்யாணமும் கும்பாபிஷேகமும் ஒரே பந்தலில் நடக்கிற மாதிரி மணந்தது. எதிர் வீட்டிலிருந்து முதலில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அண்ணாச்சியின் மூக்கு.

"என்னவே இது, கல்யாண வீடு கணக்கா மணக்கு!"

"வாரும் அண்ணாச்சி. சொன்னேனே, வந்துடுத்து" என்றேன், அது என்னவோ எனக்கு ஒரு பொருட்டே இல்லாதது போல.

"ஃபாரின்ல வெங்கல உருளி எல்லாம் செய்யுதானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் தன் வாசலில் நின்று, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் உருளியையே பார்த்தார். பொறாமை என்று நினைத்தேன். என்ன ஒரு சந்தோஷம்! வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். அந்தச் சுகத்தை நிதானமாக அனுபவிக்கலாம் என்று, அவர் பக்கம் கொஞ்சம் திரும்பியே உட்கார்ந்து, மூன்று வாரமாக மூட்டை கட்டி வைத்திருந்த ஹாஸ்யங்களில் முதலாவதை அவிழ்த்தேன்.

பாதியில் அண்ணாச்சிக்கு வேர்த்தது. சாத்தின அறை, ஐந்து திரி, அவர் உடம்பும் பெரிசு. எழுந்து மின்விசிறியைத் தட்டிவிட்டார்.

சுடர்கள் ஐந்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று கலந்தன. மெழுகு முழுக்க உருகி எண்ணெயாகியிருந்தது. சூடம் தன் வேலையைக் காட்டிற்று. திரி மட்டும் எரிந்துகொண்டிருந்தது போய், உருளியே எரிய ஆரம்பித்தது. கரும்புகை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போனது. காலண்டரின் கீழ்த் தாள்கள் சுருண்டன.

"ஏன்னா, கொஞ்சம் ஜாஸ்தியா எரியறாப்ல இல்லை?" என்று சமையலறை வாசலிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்லை, நீ குளிரப் பண்ணிடு" என்றேன் கம்பீரமாக. எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது. வாயால் ஊதவும் கூடாது. பூவில் ஒரு சொட்டுப் பால் தொட்டுத் திரியில் வைத்துத்தான் குளிரப் பண்ண வேண்டும். பாவம், அவள் அதைத்தான் செய்தாள். ஆனால் சுடரின் உயரத்தைப் பார்த்துவிட்டு, பூவும் சொட்டும் இதற்குக் காணாது என்று ஒரு கரண்டி நிறையப் பாலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள்.

அடுத்த கணம் உருளியிலிருந்து ஒரு தீப்பந்து எழும்பி மேல்தளத்தைத் தொட்டது. மெழுகு நாலா பக்கமும் சடசடவென்று சிதறிற்று. காலண்டர் முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

இனிமேல் நான் சொல்லப்போவதை என் வாயால் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். தீயைப் பார்த்ததும் நான் எழுந்தேன். மனைவி எங்கே என்று பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த அவள் நகையைத் தேடவில்லை. கைக்கு எது அகப்பட்டதோ அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். அவிழ்ந்த வேஷ்டி பின்னால் கொடி மாதிரி வந்தது. "பானி! பானி!" என்று தண்ணீருக்காக ஹிந்தியில் கத்தினேன். என் மனைவிக்கு ஹிந்தி தெரியாது. ஹிந்தி தெரிந்த மற்றவர்கள் எனக்கு முன்னால் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் கையில் இருப்பதைப் பார்த்தேன். முறுக்கு டின்.

நாங்கள் எல்லோரும் வெளியே ஓடிவர, ஒரு ஆள் மட்டும் எதிர்த்திசையில் உள்ளே போனார். எதிர்வீட்டுக்காரர். கையில் எதுவும் இல்லை. எங்கள் வாசலோரத்தில் சாத்தி வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தைக் குனிந்து எடுத்தார். கையை நீட்டி, உருளியின் மேல் ஒரு பக்கமாக நகர்த்தி மூடினார். அவ்வளவுதான். தட்டை வைத்துக் குழம்பை மூடுகிற மாதிரி மூடினார். உருளிக்குள் உஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. மின்விசிறியை நிறுத்தினார். எரிகிற காலண்டரைச் சுவரிலிருந்து தட்டிவிட்டுச் செருப்புக் காலால் மிதித்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

அவள் கரண்டியும் கையுமாக அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மெழுகு தெறித்து மணிக்கட்டில் சிவந்திருந்தது. அவர் அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "கையைத் தண்ணிக்கடியில வெச்சுண்டே இருங்கோ மாமி, எடுக்கப்படாது. அந்த மெழுகைப் பிச்சு எடுக்கவும் படாது" என்றார். நான் இன்னும் படித் திருப்பத்திலேதான் நின்றேன். அங்கிருந்து திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. உள்ளே என் மனைவி, என் வீடு. வெளியே நான், டின்.

நேரான வார்த்தையில் சொல்கிறேன், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புடவைத் தலைப்பு இன்னும் ஒரு சாண் முன்னால் இருந்திருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை முழுசாக நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

தயங்கித் தயங்கி உள்ளே போனேன். நெருப்பு அணைந்ததா என்று பார்க்கத் தாம்பாளத்தின் மேல் கை வைத்தேன்.

"தொறக்கப்படாது!" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஆறற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். இப்போ காத்து பட்டா திரும்பவும் பிடிச்சுக்கும். விளக்குத் திரியில பால் ஒரு சொட்டு விடறது வேற, காய்ஞ்ச மெழுகுல ஊத்தறது வேற, கேட்டேளா. தண்ணி பட்டா அது மேலே சாடும். மூடினாப் போறும். தானே அடங்கும்."

அப்புறம் என் நெஞ்சுப் பக்கம் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"தீ போயாச்சு. இனி அந்த டின்னைக் கீழே வைக்கலாம்."

குழாயடியில் ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தாள். கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கீழே ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று, "என்ன வே நடந்துச்சு? எல்லாரும் உசிரோடதான இருக்கிய?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். சத்தம் போடாமல், கையை ஆட்டாமல், பஞ்சாங்கம் வாசிக்கிற மாதிரி சொன்னார். வேஷ்டி எந்தப் படியில் நின்றது, நான் எந்தப் படியில் நின்றேன். 'பானி' என்று கேட்டவர் கையில் ஏன் முறுக்கு இருந்தது. முறுக்கு சாப்பிட்டால் தாகம் எடுக்கும் என்பதற்காக முன்கூட்டியே கேட்டாரா என்று ஒரு சந்தேகம். சொல்லிவிட்டு நிறுத்தினார். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

"அப்பறம் என்ன, டின்னை வாங்கி மாமி கையில கொடுத்தேன். டின்னும் பத்திரம், மாமியும் பத்திரம். அவரோட வரிசை அதாக்கும்."

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்காக அதிர்ந்ததை விட அதிகமாகவே அதிர்ந்தது. அதை அளக்க நான் ஒருவன்தானே அங்கே தகுதியானவன்?

ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். வீடு முழுக்கப் புகையும் தீய்ந்த பாலும் சேர்ந்து, தொழிற்சாலைக் காற்றே தேவலை என்று இருந்தது. எதிர்வீட்டுக்காரர் போய்த் தன்னிடம் மிச்சமிருந்த அந்த இன்னொரு டம்ளர் மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்தார். திரியை வெட்டி, தட்டில் வைத்து, சுவரையும் திரையையும் விட்டுத் தள்ளி, எங்கள் வீட்டு நடுவில் ஏற்றினார். எல்லோரும் என் வீட்டிலேயே உட்கார்ந்தார்கள். என் மனைவி மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு காப்பி போட்டாள். டின் சுற்றி வந்தது. அதிலிருந்து முறுக்கு எடுத்த ஒவ்வொருவரும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுத்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் இங்கேர்ந்து சிரிப்புச் சத்தம் கேக்கும். கதவைத் தட்டலாமா வேண்டாமான்னு இருக்கும். இனி தட்டாமலே வரலாமோன்னோ?"

"வாங்கோ ஸார்" என்றேன். மாடிப்படியில் முதல் நாள் அவரிடம் நான் சொன்ன ஹாஸ்யமும் அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அதில் உண்மையாகவே அப்புறம் ஒன்று பாக்கி இருந்திருக்க வேண்டும். மனிதருக்குக் கதை கேட்கத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் முடிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சபை மறுபடி என் வீட்டில்தான் கூடுகிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பேசுகிறவர் அவர். ஓரத்தில் உட்கார்ந்து கேட்கிறவன் நான். புதிதாக யார் வந்தாலும் அண்ணாச்சி மேல்தளத்தைக் காட்டுவார், எதிர்வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார், என் மனைவி சமையலறை வேலையைப் போட்டுவிட்டு வாசல்படிக்கு வந்து நிற்பாள். அந்தக் கதையை அவள் எத்தனை தடவை கேட்டாளோ, இன்னும் 'டின்' என்ற வார்த்தை வருகிற இடத்துக்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். நானும் சிரிக்கிறேன். நாளுக்கு நாள் அவர் அதை மெருகேற்றிக்கொண்டு போகிறார். இப்போது என் வேஷ்டி மூன்றாவது வீட்டுப் பூந்தொட்டியில் மாட்டிக்கொள்கிறது. அப்படி நடக்கவே இல்லை. ஆனால் அதைவிட நல்ல இடம் என் வேஷ்டிக்குக் கிடைத்திருக்காது என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் அவர், "இதை ஏதாவது பத்திரிகைக்கு எழுதிப் போட்டா என்ன?" என்று யோசனையாகச் சொன்னார். அன்றைக்கே உட்கார்ந்து நான் இதை எழுதிவிட்டேன். பயந்தது நான், ஓடினது நான், டின்னைத் தூக்கினது நான். பேரும் எனக்கு வர வேண்டாமா?

இப்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஒரே திரிதான், குட்டையாக வெட்டின திரி. காற்றும் காகிதமும் இல்லாத இடத்தில் வைத்து, அறையை விட்டு நகராமல், பக்கத்திலேயே மூடுவதற்கு ஒரு தட்டும் தயாராக வைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி சிரிக்கிறபோதெல்லாம் என் வயிற்றில் எரிகிறதே, அதன் மேல் போட்டு மூடத்தான் எனக்கு இன்னும் சரியான அளவில் ஒரு தாம்பாளம் கிடைக்கவில்லை.